கப்டன் குடித்த தண்ணீர்

கப்டன் தண்ணீர் குடிப்பதில்லை, தண்ணீரை இடம் மாற்றுகிறது என்பதை அந்த நாய் வந்த வாரத்திலேயே அன்னலட்சுமி கண்டுபிடித்துவிட்டாள். அலுமினியப் பேசினில் ஊற்றிய தண்ணீர் விறாந்தைக்குப் போகும். விறாந்தையிலிருந்து முன்னறைக்கு. அதற்குப் பிறகு நாய் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறதோ அந்தப் பக்கம். நாக்கால் அள்ளுவதில் பெரும்பங்கு வெளியே தெறித்துவிடும். மிச்சம் வாய்க்குள் போகும், ஆனால் தொண்டைக்குள் இறங்காது. அதன் இரண்டு தாடையிலும் சந்தைக்குக் கொண்டுபோகும் துணிப்பை போலத் தோல் தொங்கியது. அதற்குள் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு நேரே வந்து யாருடைய மடியிலாவது தலையை வைக்கும். அன்புதான், அதில் குறை சொல்ல ஏலாது. சேலை மட்டும் நனைந்துவிடும்.

நாய் அவள் கேட்டு வந்ததல்ல. வெள்ளைக்காரர் திருகோணமலைத் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேற ஆயத்தப்பட்ட வருஷம் அது. கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் துரைமார் விட்டதில் ஆளுக்கொன்று வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்குக் கதிரை, ஒருவருக்கு அலுமாரி. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிப் பக்கம் வேலை செய்த தவராசாவுக்கு ஊசி இல்லாத தையல் மெசின். அன்னலட்சுமியின் புருஷன் சிவகுருநாதன் பண்டகசாலையில் கிளாக்கர். அவருக்கு நாய் கிடைத்தது. பண்டகசாலைத் துரை கையைப் பிடித்து, இவனைப் பார்த்துக்கொள் என்று கேட்டாராம். கையைப் பிடித்துக் கேட்ட பிறகு ஒரு மனிசன் எப்படி இல்லை என்பது என்றார் சிவகுருநாதன். அன்னலட்சுமி இத்தனை வருஷத்தில் அவரிடம் எதையும் கையைப் பிடித்துக் கேட்டதில்லை. இனிமேல் அப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

பேசினைக் கப்டன் கவிழ்த்தது. சட்டியை உடைத்தது. கடைசியில் குசினிக்குப் பின்னால் சும்மா கிடந்த பழைய ஆட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அதைக் கவிழ்க்க யானை வேண்டும். கப்டன் கவிழ்க்கவில்லை, கல்லிலிருந்த தண்ணீர் முழுவதையும் நாக்காலேயே இறைத்து முற்றத்துக்கு ஊற்றியது. முற்றத்தில் புல் முளைத்தது. நாய்க்குத் தாகம் தீரவில்லை. எந்நேரமும் தண்ணீரில் நின்றுகொண்டு எந்நேரமும் தாகத்தோடு இருந்த சீவனை அவள் அதற்கு முன் கண்டதில்லை.

தாகம் எடுத்த நாய் போகிற இடம் ஒன்றுதான். அங்கேதான் வில்லங்கம் இருந்தது.

கிணறு இரண்டு வளவுக்கும் பொது. பக்கத்து வளவு ஸெய்னுதீன் நானாவுடையது. இறங்குதுறைக்குப் பக்கத்தில் தோணிக்காரருக்குக் கயிறும் தாரும் விற்கிற கடை வைத்திருந்தார். தென்னோலைக் கிடுகு வேலி கிணற்றுக் கட்டு வரை வந்து நின்று, மற்றப் பக்கத்தில் திரும்பவும் தொடங்கும். ஒரு கப்பி, ஒரு கயிறு, ஒரு வாளி. கடற்கரையை அண்டிய அந்த ஒழுங்கையில் மற்றக் கிணறெல்லாம் உவர். இது ஒன்றுதான் நல்ல தண்ணீர். ஆனால் கடலுக்குப் பக்கத்தில் ஊறுகிற நல்ல தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. அளவோடு அள்ளினால் இருக்கும். ஆசைக்கு அள்ளினால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும். இரண்டு வீடும் இதை அறிந்து அள்ளின.

அந்தக் கிணற்றடியில்தான் அன்னலட்சுமிக்குப் பேச்சுத்துணை இருந்தது. பிள்ளைகள் இருவரும் யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்தார்கள். சிவகுருநாதன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர். ஸெய்னுதீனின் மனைவி றம்லாவோ எட்டு வீட்டுக்குப் போதுமான அளவு பேசுவாள். காலையில் குடம் நிறைய நேரம் எடுக்காது, கதை முடிய நேரம் எடுக்கும். நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே இருவரும் நின்று கதைப்பார்கள். இடுப்பு நோகும். அதைப் பற்றியும் கதைப்பார்கள்.

நாய் வந்த அன்று பின்னேரம் ஸெய்னுதீன் வேலியடிக்கு வந்தார். சிவகுருநாதனைக் கூப்பிட்டுச் சுகம் விசாரித்தார், நாயின் உயரத்தைப் பாராட்டினார். பிறகு, நாய் வாய்வைத்த பாத்திரத்தைத் தங்கள் மார்க்கத்தில் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால் கழுவ வேண்டும், அப்படிக் கழுவாத வாளியில் அள்ளிய தண்ணீர் தொழுகைக்கு ஆகாது என்று விளக்கினார். விளக்கி முடித்து இதையும் சொன்னார்:

"நாய் உங்கட வளவுக்க நிக்கிறதில எனக்கு ஒண்டுமில்ல கிளாக்கர். ஆனா வாளியில வாய் வச்சுதெண்டா, நான் வேலிய நேராக் கட்டிற்று என்ட பக்கத்தில வேற கிணறு வெட்டுறதத் தவிர வழியில்ல."

அவர் கோபித்துச் சொல்லவில்லை. அதுதான் அன்னலட்சுமியைப் பயப்படுத்தியது. கோபத்தில் ஆம்பிளைகள் கட்டுகிற வேலியெல்லாம் விடியமுன் விழுந்துவிடும். இது அப்படிப்பட்ட பேச்சில்லை. வேலியை நேராகக் கட்டினால் கிணறு இவர்கள் பக்கம் விழும். தண்ணீர் இந்தப் பக்கம், றம்லா அந்தப் பக்கம். இப்படி ஒரு பங்கு பிரித்தலை அவள் கனவிலும் விரும்பவில்லை.

கச்சான் காற்று வீசத் தொடங்கிய ஒரு மத்தியானம் அது நடந்தது. கிணற்றுக் கட்டில் வாளி பாதித் தண்ணீரோடு இருந்தது. கப்டன் அதற்குள் தலையை விட்டுத் தன் வழக்கப்படி நடந்துகொண்டது. அன்னலட்சுமி குசினி யன்னலால் பார்த்தாள். ஓடிவந்து சேரும்போது வாளி காலி, கட்டு முழுக்க ஈரம். கப்டன் அவளைக் கண்ட சந்தோஷத்தில் வந்து சேலையைத் துடைத்துவிட்டது, அதாவது தன் வாயை.

நாயைத் தொலைக்க இதைவிட நல்ல சாட்டு வராது என்பது அவளுக்குத் தெரியும். போய்ச் சொன்னால் போதும், கப்டன் அடுத்த லொறியில் தூரத்துக் கந்தளாய்க்குப் போய்விடும். ஆனால் நாய் போன பிறகும் வேலி நிற்கும். ஸெய்னுதீன் நானா சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளில்லை என்று றம்லாவே பெருமையாகவும் சலிப்பாகவும் பல தரம் சொல்லியிருக்கிறாள்.

அன்னலட்சுமி நாலு பக்கமும் பார்த்தாள். முருங்கையடியில் ஒரு கைப்பிடி மண் அள்ளினாள். ஒருநாள் தெருநாய் நக்கிய தட்டை றம்லா கழுவியதை அவள் பார்த்திருக்கிறாள், முறை தெரியும். மண் போட்டு வாளியை உள்ளும் வெளியும் தேய்த்து ஒரு தரம். பிறகு வெறும் தண்ணீரால். நாலோ ஐந்தோ ஆனபோது கப்டன் உதவிக்கு வந்து எண்ணிக்கை தப்பிவிட்டது. மண்ணிலிருந்து திரும்பத் தொடங்கினாள். சொந்தப் பிள்ளையாரிடம் என்றால் ஒன்று குறைந்தாலும் ஒரு தேங்காயோடு பேசித் தீர்க்கலாம். இது அடுத்த வீட்டாரின் தொழுகை.

மற்ற நாளும் கப்டன் வாளியில் குடித்தது. அதற்கு மற்ற நாளும். வாளியைக் கப்பிமரத்துக் கொளுக்கியில் மாட்டினாள். கப்டன் பின்னங்காலில் எழும்பி நின்றது, அப்படி நிற்கும்போது அது சிவகுருநாதனைவிட உயரம். பலகையால் மூடினாள். பலகை கிணற்றுக்குள் விழுந்தது. கட்டிப் போட்டாள். அது போட்ட ஊளையில் ஒழுங்கையில் யாருக்கோ சீவன் போகப்போகிறது என்று இரண்டு வீட்டில் பயந்துபோனார்கள். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டுதான் போகும் என்பார்கள். இது குளிப்பாட்டுகிற வேலையையும் தானே பார்த்துக்கொண்டது.

ஆகவே றம்லா மத்தியானம் கண்ணயர்கிற நேரம் பார்த்து, நாள் தவறாமல் வாளி கழுவுவது அன்னலட்சுமியின் வேலையாகிவிட்டது. சமைப்பது, கூட்டுவது, வாளி கழுவுவது.

ஆவணி பிறக்கமுன் கிணறு குணம் மாறியது. முதலில் பருப்பு வேகவில்லை. பிறகு சவர்க்காரம் நுரைக்கவில்லை. பிறகு சிவகுருநாதன் தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டுவிட்டாயா என்று கேட்டார். அவராக வாயைத் திறந்து கேட்டபடியால் நிலைமை மோசம் என்று அவளுக்கு விளங்கியது.

ஆம்பிளைகள் இருவரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து விசாரணை நடத்தினார்கள். கடற்படைக்காரர் துறைமுகத்தைத் தோண்டியதால் கடல் உள்ளே வந்துவிட்டது என்றார் சிவகுருநாதன். அவர்கள் போகும்போது நிலத்துக்குக் கீழே எதையோ திறந்துவிட்டுப் போகிறார்கள் என்று ஸெய்னுதீன் சந்தேகப்பட்டார். இரண்டு வழியிலும் குற்றம் வெள்ளைக்காரனில் முடிந்ததால் இருவருக்கும் திருப்தி. தண்ணீர் உவர்த்தபடியே இருந்தது.

அன்னலட்சுமிக்குக் காரணம் தெரியும், ஏழு தரம் என்றால் ஏழு தரத்துக்குரிய தண்ணீர். ஆனால் தான் ஒருத்தி அள்ளுகிற அந்தளவுக்குக் கிணறு ஏன் இவ்வளவு கெட்டுப்போனது என்பதுதான் பிடிபடவில்லை.

ஒரு நாள் வழக்கத்தைவிட முந்தி, கையில் மண்ணோடு கிணற்றடிக்கு வந்தாள். றம்லா அங்கே நின்றாள். முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு, வாளிக்குள் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வரை மண்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எட்டு வீட்டுக்குப் பேசுகிற றம்லாதான் முதலில் கேட்டாள்.

"அக்கா, கையில என்ன?"

"மண்."

"எனக்கும் மண்தான்" என்றாள் றம்லா.

கப்டன் முதல் தரம் குடித்த அன்றே அவள் படுக்கப் போகிற வழியில் பார்த்திருக்கிறாள், அன்னலட்சுமி ஓடிவந்ததைக் காணவில்லை. அன்னலட்சுமிக்குத் தெரியாது, தெரிந்தால் வெட்கப்பட்டுப் போவாள் என்று நினைத்து, விறகெடுக்க வருகிற சாட்டில் தினமும் படுக்கமுன் தானே கழுவியிருக்கிறாள்.

"இவருக்குச் சொன்னா வேலியக் கட்டிப்போடுவார். அதுக்குப் பிறகு நான் ஆரோட கதைக்கிற?"

அந்தப் பயம் தனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாளும் அன்னலட்சுமி நினைத்திருந்தாள். எவ்வளவு பேசினாலும் இதை இருவரும் பேசியதில்லை. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், கையில் மண் இருந்ததால் தோளால் துடைத்தாள்.

பிறகு காரியத்துக்கு வந்தார்கள். ஒருவர் கழுவினால் போதும், கிணறும் தேறும். மத்தியானத்தில் வீட்டில் விழித்திருப்பவள் அன்னலட்சுமி. அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம், தான் கழுவினால் அது செல்லுமா என்று.

"ஆர் ஊத்தினதெண்டு தண்ணிக்குத் தெரியுமா அக்கா? ஏழெண்டா ஏழுதான்" என்றாள் றம்லா.

அன்று தொடக்கம் அன்னலட்சுமி வாய்விட்டு எண்ணிக் கழுவினாள். சந்தேகம் வந்தால் முதலிலிருந்து. ஒரு குடும்பத்தின் தொழுகை தன் கையில் இருப்பது லேசான காரியமாக அவளுக்குத் தெரியவில்லை. கப்டனை மட்டும் அந்த நேரத்தில் விறாந்தைத் தூணில் கட்டினாள், ஊர் ஊளை கேட்டால் கேட்கட்டும்.

கிணறு கொஞ்சம் தேறியது. முழுக்கத் தேறவில்லை. பருப்பு வெந்தது, தேத்தண்ணீர் இன்னும் கரித்தது. ஸெய்னுதீன் ஆள் பிடித்துக் கிணற்றை இறைத்துப் பார்க்கப் போவதாகவும், அன்று கடையைப் பூட்டிவிட்டுக் கிணற்றடியிலேயே இருக்கப் போவதாகவும் றம்லா சொன்னாள். சொல்லிவிட்டு, தங்கச்சி மைமூனாவின் பிள்ளைப்பேற்றுக்கென்று தோணியேறிக் கிண்ணியாவுக்குப் போய்விட்டாள்.

அவள் இல்லாத முதல் நாள் பின்னேரம், பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கேட்டது. ஸெய்னுதீன் கிணற்றடிக்கு வந்து அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் அன்னலட்சுமி குடத்தோடு நின்றாள். நாய் வந்த பிறகு அவர் அவளோடு நேரே பேசியதில்லை. இப்போதும் முருங்கை மரத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தங்கச்சி, றம்லா இல்ல. தொழுகைக்கு ஒளுச் செய்யோணும். வாளி கழுவினதா?"

"ஓம் நானா. ஏழு தரமும் கழுவினனான். மண் முதல் தரம்."

பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்கு எழும்பி நின்று ஒப்புவிப்பது போல வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குக் கேட்டது. நாய் தொடாத வாளியை யார் மண் போட்டு ஏழு தரம் கழுவுவார்கள்? தன் வாயாலேயே வேலியைக் கட்டிவிட்டாள். புதுக் கிடுகின் மணம்கூட அடித்தது போல இருந்தது. கப்டன் அந்த நேரம் பார்த்துத் தூணிலிருந்து அவிழ்ந்து வந்து, வாயால் தண்ணீர் ஒழுக, அவளுக்கு ஆதரவாகப் பக்கத்தில் நின்றது.

ஸெய்னுதீன் நாயைப் பார்த்தார். வாளியை இறக்கி அள்ளினார். கையைக் கழுவினார், வாயைக் கொப்பளித்தார், முகத்தைக் கழுவினார். முழங்கை வரை, பிறகு நனைந்த கையால் தலையைத் தடவி, பிறகு கால். அவசரப்படவில்லை. தான் கழுவிய வாளியின் தண்ணீரில் அவர் தொழுகைக்கு ஆயத்தமாகிறார் என்பது அவர் காலைக் கழுவி முடித்த பிறகுதான் அன்னலட்சுமிக்கு உறைத்தது.

"அப்ப வேலி, நானா?" என்று கேட்டாள்.

"வேலியக் கட்டினா றம்லா பிறகு ஆரோட கதைக்கிற?" என்றார் ஸெய்னுதீன்.

சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டடி நடந்தார். பிறகு திரும்பி, முதல் தடவையாக அவளை நேரே பார்த்தார்.

"அவ அவசரக்காரி, தங்கச்சி. சில நாளைக்கு ஆறு தரத்தோட விட்டிருவா. அதால நான் ஒவ்வொரு நாளும் விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி இன்னொருக்காக் கழுவுறனான். இனிக் கழுவல்ல. நீங்க மட்டும் கழுவுங்க. எல்லாரும் கழுவினாக் கிணறு தாங்காது."