ஓடத் தெரிந்தது

பாசியா, மூஞ்சூறா, ஒன்றைச் சொல் என்று தோட்டத்து மேனேஜர் தொரை லோஜினியிடம் கேட்டார். றொசல்லைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் அருகிவரும் உயிர்களைப் பதிவு செய்வது அவள் வேலை. மேல்மலையில், கிளை கழித்துக் கவ்வாத்து முடிந்த கிழட்டுத் தேயிலை மரங்களில், அவள் வேறெங்கும் காணாத சாம்பல்நிற மரப்பாசி ஒட்டியிருந்தது. ஆட்கள் அதைச் சுரண்டித் தள்ளப் போகிறார்கள். கீழே பள்ளத்தில் நீள நகத்து மூஞ்சூறு வளை தோண்டியிருந்தது. அங்கே தண்ணீர் ஓடக் கான் வெட்டப் போகிறார்கள். ஒரு வேலையைத்தான் நிறுத்துவாராம். இரண்டும் வேண்டுமென்று இழுத்தால் இரண்டும் போச்சு.

"பாசியத் தொடாதீங்க சார். மூஞ்சூறுக்குக் காலு இருக்கு, ஓடிரும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், பாருங்கள்!

மறுநாள் மூஞ்சூறை விரட்டிவிடப் பள்ளத்தில் இறங்கினாள். அவளுடைய சித்தப்பா ஆண்டியப்பன் வழக்கம்போல் கான் தலைப்பில் மண்ணில் பிள்ளையார் பிடித்து, அறுகு செருகிவிட்டு, வெட்டிக்கொண்டே வந்திருந்தார். கான் நேராகப் போக முளையடித்துக் கட்டிய கயிறு நேரே வளைமேல் போனது. லோஜினி குச்சியால் தட்டினாள். மூஞ்சூறு வெளியே பாய்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அது நின்றது. திரும்பி, மம்பட்டிக்கு நேரே ஓடிவந்து, மறுபடி வளைக்குள் புகுந்தது.

மண் சரிந்த இடத்தில் எட்டிப் பார்த்தாள். கண் திறக்காத குட்டிகள். பாசியைப் போல இவையும் இருந்த இடத்தை விட்டு நகரத் தெரியாதவை. பாவி, இதை யோசிக்கவில்லையே!

வளைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி புள்ள. தொரை வர்ற நேரம். கான் கோணுனா எங்களத்தான் ஏசுவாரு."

"உள்ள மூஞ்சூறு குட்டி போட்டிருக்கு சித்தப்பா."

ஆண்டியப்பன் கான் தலைப்பைத் திரும்பிப் பார்த்தார். "காலையில பிள்ளையாரப் பிடிச்சு வச்சு கும்பிட்டுட்டு, இப்ப அவரு வாகனத்த வெட்டவா?" என்று முணுமுணுத்தபடி முளைக்குச்சியைப் பிடுங்கித் தள்ளி அடித்தார்.

அதற்குள் தொரையின் பைக் வந்து நின்றது.

"கான் ஏன் கோணுது?"

"கல்லுங்க தொரை. பெரிய கல்லு" என்றார் ஆண்டியப்பன்.

தொரை சேற்றில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். லோஜினிக்கு மேல்மலைப் பாசியும் கையை விட்டுப் போவது தெரிந்தது.

"இந்தக் கல்லுதானே, மூஞ்சூறு ஓடிரும்னு சொன்னுச்சு?"

"ஆமா சார். ஓடல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் கயிற்றைக் காலால் தட்டிப் பார்த்தார். "மேல பாசி, கீழ கல்லு. மூணாவதா ஒண்ணு கேட்டுக்கிட்டு வரக் கூடாது."

"சரிங்க சார்" என்றாள். பைக் சத்தம் ஓயும்வரை எழுந்திருக்கவில்லை.