சிரட்டைக் கரி

சாயப்பட்டறைக் கழிவு இறங்கி எங்கள் தெருக் கிணறு ரத்தச் சிவப்பாகிவிட்டது. குடிதண்ணீருக்குப் பெண்கள் ஒரு மைல் நடந்து தோட்டத்துக் கிணற்றுக்குப் போனார்கள். என் மனைவி சீனியம்மாள் பின்னாலேயே எங்கள் ஆறு வயது மகள் செல்வமணியும் சின்னக் குடத்தோடு ஓடுவாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

யுத்தத்தின்போது விஷவாயு முகமூடிக் கிடங்கில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். முகமூடிக்குள் இருப்பது தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட கரி. விஷக்காற்றையே பிடித்து வைக்கும் கரி, சாயத்தை விடுமா? அந்தத் திமிரில் சாக்கைத் தூக்கிக்கொண்டு சிரட்டை கேட்டு வீடு வீடாக அலைந்தேன்.

"சிரட்டையக் குடுத்துட்டு அடுப்புக்கு என்னத்த வைக்க அண்ணாச்சி?" என்றாள் எதிர்வீட்டு ஞானபூரணம்.

"பத்து நாள் பொறு தாயி. வாசல்லயே நல்ல தண்ணி தாரேன்."

சிரட்டையையும் புளியங்கொட்டையையும் மண்ணெண்ணெய் டின்னில் அடைத்து, களிமண் பூசிச் சுட்டு, கனலும்போது நீராவி விட்டேன். இரண்டு முறை வெறும் சாம்பல்தான் மிஞ்சியது. மூன்றாவதில் கரி தேறியது. இடித்து, மணலோடு பானையில் அடுக்கினேன். மேலே ஊற்றிய சிவப்பு, கீழே தெள்ளத் தெளிவாக இறங்கியது. தெருவே திரண்டு வந்து மெச்சி, அதையே குடிக்கத் தொடங்கியது.

சீனியம்மாள் மட்டும், "எதுக்கும் காய்ச்சிக் குடிப்போமே," என்றாள்.

"ஏட்டி, எதை வச்சுக் காய்ச்சுவே? இருந்த சிரட்டையெல்லாம் கரியாயிருச்சு," என்று சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஐப்பசியில் ஒரு மழை பெய்து தெருக் குப்பையெல்லாம் கிணற்றுக்குள் போனது. அடுத்த வாரம் வாந்திபேதி. ஞானபூரணம் வீட்டில் இரண்டு பேர் செத்தார்கள். காலையில் பள்ளிக்கூடம் போன செல்வமணி மறுநாள் மதியம் இல்லை.

சுகாதார இன்ஸ்பெக்டர் என் பானையைக் கிளறிப் பார்த்தார். "கரி நல்லாத்தான் சுட்டிருக்கீரு வே. சாயத்தப் பிடிக்கும், நாத்தத்தப் பிடிக்கும். கிருமியப் பிடிக்காது. சிவப்பா கெடந்தவரைக்கும் ஒருத்தரும் இந்தக் கெணத்துத் தண்ணியக் குடிக்கலைல்லா?"

அவர் என்னை அடித்திருக்கலாம்.

அடுத்த சூளைக்கென்று ஒரு சாக்குச் சிரட்டை வைத்திருந்தேன். அவர் போனதும் சீனியம்மாள் அதை அடுப்படியில் கொட்டினாள். கிணற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே உலையேற்றினாள். சிவப்பாகவே கொதித்தது. செல்வமணியின் தம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"எதை வச்சுக் காய்ச்சுவேன்னு கேட்டியளே," என்றாள். "குடிங்க."