வெள்ளை உறை போட்ட பஸ்

1995 டிசம்பர். தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக பூந்தமல்லி பஸ் டெப்போவின் பாதி வண்டிகள் நகரத்துக்குப் போயின. வீரர்களை விடுதியிலிருந்து மைதானத்துக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். எந்த வண்டியை அனுப்புவது, எதை நிறுத்துவது என்று திட்டம் போட்டவர் டெப்போ அதிகாரி குணசேகரன். ஊரில் காலை வண்டிகள் குறைந்தன. மிஞ்சியவை படியில் ஆள் தொங்க, நிறுத்தங்களில் நிற்காமல் போயின.

ஷம்ஷாத் வானகரத்தில் ஒரு கம்பெனியில் ஷூ தைத்தாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பஸ் கிடைக்காமல், இரண்டு நாளும் கம்பெனி கேட்டை மூடிய பிறகுதான் போய்ச் சேர்ந்தாள். இன்னொரு நாள் தாமதமானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவள் நிறுத்தத்துக்குப் போகவில்லை. கூட வேலை செய்யும் பெண்களைக் கூட்டிக்கொண்டு டெப்போ வாசலுக்குப் போனாள். ‘ஸ்பெஷல்’ பலகை மாட்டிய வண்டி ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே ஆளில்லை. சீட்டுகளுக்கெல்லாம் புது வெள்ளை உறை.

ஷம்ஷாத் வண்டியின் குறுக்கே போய் நின்றாள். டிரைவர் துலுக்கானம் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை. குணசேகரன் வெளியே வந்தார்.

“வானகரம் வழியாத்தான சார் போவுது. காலியாத்தான போவுது.”

மைதான வாசலில் வண்டியைச் சோதிக்கிறார்கள், உறையில் கறை இருந்தால் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார் அவர். போட்டி முடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

“கம்பெனி பொறுக்காது சார். நாங்க உக்கார மாட்டோம். நின்னுகினே வரோம்.”

“ஒருத்தரும்?”

“ஒருத்தரும்.”

குணசேகரன் சீட்டுகளைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். ஒரு கண்டக்டரைக் கூப்பிட்டு, வானகரம் வரை டிக்கெட் போடச் சொன்னார்.

இரு பக்கமும் சீட்டுகள் காலியாக இருக்க, நடுவில் நெருக்கியடித்து நின்றார்கள். துலுக்கானம் கண்ணாடியில் பார்த்தார்.

“இன்னாமே, கல்யாண ஊட்ல அடுத்த பந்திக்கு நிக்கிறாப்பல கீது.”

“ஓட வரவனுக்கு சீட்டு, வேலைக்குப் போறவளுக்குக் கம்பி. நீ ரோட்டப் பாரு அண்ணாத்தே,” என்றாள் பக்கத்து மெஷின் வனஜா.

வேலப்பன்சாவடியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. வண்டி குலுங்கி நின்றது. ஷம்ஷாத்தின் பிடி நழுவியது. சீட்டில் கை ஊன்றியிருக்கலாம். ஊன்றவில்லை. முழங்கால் தரையில் மோதியது. எழுந்து மறுபடி கம்பியைப் பிடித்தாள்.

வானகரத்தில் இறங்கினார்கள். கண்டக்டர் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்துவிட்டு, நாளைக்கும் இதே நேரத்துக்கு வரச் சொன்னார்.

கேட் திறந்திருந்தது. ஷம்ஷாத் நொண்டிக்கொண்டே உள்ளே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.