ரப்பர் விரல்கள்

படத்தின் பெயர் ‘இருபத்தோரு அரியர்’. பரீட்சையில் இருபத்தோரு பாடங்களில் தோற்ற மாணவன் ஒருவன் பட்டமளிப்பு விழாவின் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, முகமூடியோடு வந்து, பாஸானவர்களை ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கிறான். கதை அவ்வளவுதான். இருபத்தாறு நாளில் முடித்தாக வேண்டும். விடுமுறைக் காலம் என்பதால் கல்லூரிக் கட்டடம் சுலபமாகக் கிடைத்துவிட்டது. வாட்ச்மேன் மட்டும், தன் தலையும் ஒரு காட்சியில் உருள வேண்டும் என்று நிபந்தனை போட்டார். இரண்டாம் நாளே உருண்டது. வீட்டில் மனைவியிடம் காட்டவென்று அந்த ரப்பர் தலையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

தலையைச் செய்தவள் மேக்கப் போடும் பெண். யூனிட்டில் எல்லோருக்கும் அவள் ரத்தக்கா. நாற்பத்திரண்டு வயது. முன்பு கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். அவளை இந்தப் பக்கம் இழுத்து வந்தவன் இந்தப் படத்தின் கேமராமேனான அவள் தம்பி. சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயமும் கொஞ்சம் காப்பித்தூளும் கலந்து அவள் காய்ச்சும் ரத்தத்துக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர். எறும்பு மொய்க்கும் என்பது ஒன்றுதான் குறை.

கதாநாயகிக்கு யூனிட் வைத்த பெயர் சைரன். அவள் அலறினால் இரண்டு தெரு தள்ளி நிற்கும் நாயும் குரைக்கும். இதற்கு முன் ஆறு படங்கள் நடித்திருந்தாள். ஆறிலும் இடைவேளைக்கு முன்பே செத்துப்போனாள். இந்தப் படத்தில்தான் முதல்முறையாகக் கடைசிவரை உயிரோடு இருக்கப் போகிறாள். அதனால் கூப்பிட்ட நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

கொலைகாரன் வேஷத்துக்கு முதலில் வந்தவன் டைரக்டரின் மனைவிக்குத் தம்பி. டைரக்டர் அவனை மச்சான் என்று கூப்பிட, யூனிட் முழுக்க அவன் மச்சான் ஆனான். நாலாம் நாள் கழுத்தை நெரிக்கும் காட்சி. டைரக்டர் ‘கட்’ சொன்ன பிறகும் மச்சான் கையை எடுக்கவில்லை. சைரனின் விழிகள் மேலே செருகின. ரத்தக்காவும், விளக்குகளைத் தூக்கும் பீரோவும் பாய்ந்து போய் அவனை இழுத்துப் போட்டார்கள். பீரோ என்பது பட்டப்பெயர். வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராத உடம்பு அவனுக்கு. சைரனின் கழுத்தில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. அதற்கு மேக்கப் தேவைப்படவில்லை.

“நடிப்புன்னா உள்ள இறங்கி செய்யணும். பொம்மை விளையாட்டா இது?” என்றான் மச்சான்.

“இவன் இருந்தா நான் இல்ல,” என்றாள் சைரன். குரல் கரகரத்தது.

டைரக்டர் மச்சானை வீட்டுக்கு அனுப்பினார். போலீசுக்குப் போகலாம் என்று ரத்தக்கா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. “அவன் கொஞ்சம் கோபக்காரன்க்கா, மனசு சுத்தம். வீட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கறேன்,” என்றார். முகமூடி பீரோவிடம் வந்தது. பீரோ ஒவ்வொருவரையும் வெட்டிவிட்டு, ‘கட்’ சொன்னதும் “வலிச்சுதா?” என்று கேட்கும் கொலைகாரனாக இருந்தான். எல்லோருக்கும் நிம்மதி.

பதினெட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் படப்பிடிப்பு. ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டி உள்ளே ராத்திரியாக்கியிருந்தார்கள். காட்சி இதுதான்: பக்கத்து ஸ்டோர் ரூமிலிருந்து கொலைகாரன் வருவான், மேஜை மேல் ஊன்றியிருக்கும் சைரனின் இடது கையை ஒரே வெட்டில் துண்டாக்குவான். சைரனின் நிஜமான இடது கையை முதுகுப் பக்கம் மடக்கி, பட்டையால் கட்டி, மேலே கோட்டு போட்டாயிற்று. சட்டைக் கையிலிருந்து நீண்டது ரத்தக்கா செய்த ரப்பர் கை. கொலைகாரனின் ஆயுதம், தேர்வு அலுவலகத்தில் கட்டுக் கட்டாகக் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் நீளக் கத்தி. நிஜக் கத்தியை அச்செடுத்து அவளே ரப்பரில் வார்த்திருந்தாள். கத்தி படும் நேரத்தில் மேஜைக்கு அடியிலிருந்து அவள் கயிற்றை இழுப்பாள். கை கழன்று விழும். மறு கையால் பம்பை அழுத்தினால் ரத்தம் பீய்ச்சும்.

“ஆக்‌ஷன்!”

ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. மேஜைக்கு அடியில் குந்தியிருந்த ரத்தக்காவுக்கு அங்கியின் விளிம்பும் கால்களும்தான் தெரிந்தன. தலைக்கு மேல் ‘தட்’ என்று ஒரு சத்தம். மேஜை அதிர்ந்தது. ரப்பர் கை அவள் முன்னால் விழுந்தது.

கயிறு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அவள் இழுக்கவே இல்லை.

அவள் கால்களைப் பார்த்தாள். பீரோ அளவுள்ள செருப்பு கடைகளில் கிடைக்காமல், அவன் தைத்து வாங்கிப் போடுவான். அங்கிக்குக் கீழே இருந்தவை பளபளப்பான பழுப்பு ஷூக்கள்.

“சூப்பர்! அப்படியே போ, அப்படியே போ!” என்று டைரக்டர் கத்தினார்.

இரண்டாவது வெட்டு சைரனின் தொடையைக் கீறியது. “நிஜக் கத்தி! இது நிஜக் கத்தி!” என்று அவள் அலறினாள். இரண்டு தெரு தள்ளிக் கேட்டிருக்கும். ஆனால் பதினெட்டு நாளாக அந்த அலறலைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒருவரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“சொந்தமா வசனம் போடறா பாரு, அருமை!” என்றார் டைரக்டர். தம்பி கேமராவைத் தோளில் வைத்தபடி இன்னும் நெருங்கிப் போனான்.

ரத்தக்கா மேஜைக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தாள்.

“அக்கா! ஃப்ரேம்ல வராதீங்க!”

ஒரு கை கட்டப்பட்டிருந்த சைரன் மேஜை மேல் ஏறிப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தாள். கத்தி மூன்றாவது முறை மேலே போனது. ரத்தக்கா பக்கத்திலிருந்த வாளியைத் தூக்கினாள். ஐந்து லிட்டர் ரத்தத்தையும் முகமூடியைப் பார்த்து வீசினாள். கண் துளைகளில் பாகு அடைத்துக்கொண்டது. அவன் உறுமினான். உறுமிய குரல் மச்சானுடையது. முதலில் அடையாளம் கண்டவர் டைரக்டர். பிரம்பு நாற்காலி கவிழ அவர் எழுந்து நின்றார். எழுந்தவர் அப்படியே நின்றார்.

கண் தெரியாத மச்சான் கத்தியைச் சுழற்றினான். முதல் சுழற்சியில் கண்ணாடிக் குடுவைகள் சிதறின. அடுத்ததில் கேமராவின் லென்ஸைப் பிடித்திருந்த தம்பியின் இடது கை மாட்டியது. தம்பி கத்தவில்லை. தன் கையை ஒரு நொடி ஆச்சரியத்தோடு பார்த்தான். பிறகு கேமராவை மெதுவாக மேஜை மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

மச்சான் பாகில் வழுக்கி முழங்காலில் விழுந்தான். அவன் எழுவதற்குள் சைரன் மேஜையிலிருந்து குதித்தாள். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையை ஒற்றைக் கையால் பிடுங்கிக் கத்தி பிடித்த மணிக்கட்டின் மேல் இறக்கினாள். எலும்பு முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கத்தி விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. முழங்கையில் ஒன்று, தோளில் ஒன்று, முகமூடியில் ஒன்று. காகிதக் கூழ் முகமூடி நொறுங்கி உள்ளிருந்து மச்சானின் மூக்கு, அதுவும் உடைந்து, வெளியே வந்தது. உருளையை அவள் மறுபடி தலைக்கு மேல் தூக்கினாள்.

“போதும்டி! செத்துருவான்!” ரத்தக்கா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “அவன் விழுந்துட்டான். விடு. என்னைப் பாரு. என்னைப் பாருடி!”

சைரன் உருளையைக் கீழே வைத்தாள். விளக்குக்காரர்கள் நால்வர் வந்து மச்சான் மேல் உட்கார்ந்தார்கள்.

அடுத்து நடந்ததை ரத்தக்கா பிறகு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. தம்பியின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. தரை முழுக்கச் சிவப்பு. எது அவள் காய்ச்சியது, எது உடம்பிலிருந்து வந்தது என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. போதாததற்கு, அடுத்த காட்சிக்காக அவள் செய்து வைத்திருந்த நாற்பது ரப்பர் விரல்கள் பெட்டியோடு கவிழ்ந்து அதே பாகில் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் நகம் வைத்து, ரேகை வைத்து, மூட்டில் சுருக்கம் வைத்து, நிஜம் போலவே இருக்க வேண்டும் என்று மூன்று வாரம் மெனக்கெட்டுச் செய்தவை.

அவள் நாலு காலில் ஊர்ந்தாள். ஒன்றை எடுத்தாள், அழுத்தினாள், எறிந்தாள். இன்னொன்று. இன்னொன்று. “பெரிய கலைஞி, பெரிய கலைஞி,” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஒன்று கதகதப்பாக இருந்தது. நுனியில் நகம் கடிக்கப்பட்டிருந்தது. சின்ன வயதிலிருந்து எத்தனை முறை கையில் அடித்தும் தம்பி விடாத பழக்கம். இரண்டாவது விரல் மேஜைக் காலுக்குப் பின்னால் கிடைத்தது. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஜூஸ் வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள்.

பீரோவை ஸ்டோர் ரூமில் கண்டெடுத்தார்கள். மச்சான் இரும்பு விளக்குத் தாங்கியால் அவன் பின்மண்டையில் அடித்துவிட்டு, அங்கியையும் முகமூடியையும் கழற்றிக்கொண்டிருந்தான். பதினொரு தையல் போட வேண்டியிருந்தது. கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “சைரனுக்கு அடி பட்டுச்சா?”

ஆம்புலன்ஸ் வருவதற்குள் டைரக்டர் ரத்தக்காவிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, நேத்து போன்ல அழுதான். ‘ஓரமா நின்னு ஷூட்டிங் பாக்கறேன்’னு கேட்டான். பின்வாசல் திறந்துதான் இருக்கும், வான்னு நான்தான் சொன்னேன். இப்படிப் பண்ணுவான்னு சத்தியமா நினைக்கல.”

“சரி.”

“போலீஸ்கிட்ட, கத்தி மாறிப்போச்சு, தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லலாமா? வைத்தியச் செலவு மொத்தமும் என்னோடது. வீட்ல என் பொண்டாட்டி தாங்க மாட்டாக்கா.”

ரத்தக்கா அவரை அறைந்தாள். கன்னத்தில் பாகும் ரத்தமும் ஒட்டிக்கொண்டன. அவர் துடைக்கவில்லை.

தரையிலிருந்து தம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, “கார்டை எடுத்துக்க, எல்லாம் அதுல இருக்கு,” என்றான். அவள் கேமராவிலிருந்து மெமரி கார்டை உருவினாள். உடுப்பில் பாக்கெட் இல்லை. வெட்டுப்பட்ட ரப்பர் கையின் உள்ளே பொந்து இருந்தது. அதில் திணித்துக் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்த ஆம்புலன்ஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு, “கையை இப்படிப் பிடிக்கக் கூடாதும்மா! ஐஸ் எங்க?” என்று பிடுங்கப் பார்த்தார். கீழே கிடந்த தம்பி அந்த வலியிலும் சிரித்துவிட்டான்.

மோதிர விரல் ஒட்டியது. மடங்காது, ஆனாலும் இருக்கிறது. சுண்டு விரல் ஒட்டவில்லை.

வழக்கு விசாரணைக்கு வர இன்னும் ஏழு மாதம் இருக்கும்போது, ஒரு பகலில் டைரக்டரின் மனைவி ரத்தக்காவின் வீட்டுக்கு வந்தாள். மச்சானுக்காகக் கெஞ்ச வந்திருக்கிறாள் என்றுதான் ரத்தக்கா நினைத்தாள். உட்காரக்கூடச் சொல்லவில்லை. வாசலிலேயே நிறுத்தினாள்.

“அவர் சொல்லி வந்தீங்களா?”

“இல்லக்கா. நான் வந்தது அவருக்குத் தெரியாது.” அவள் ரவிக்கையின் கழுத்தைத் தோள்வரை இறக்கினாள். காறை எலும்புக்குக் கீழே, அயர்ன் பெட்டியின் முனை வடிவத்தில் ஒரு பழைய தழும்பு. “அப்ப எனக்குப் பதிமூணு வயசு. அவனுக்குப் பதினொண்ணு. சட்டைய சரியா தேய்க்கலன்னு வெச்சான். ‘சின்னப் பையன், தெரியாம பண்ணிட்டான்’னு அம்மா சொன்னாங்க. நானும் எல்லார்கிட்டயும் அதையே சொன்னேன். கட்டிக்கிட்டவர்கிட்டயும் அதையேதான் சொன்னேன்.”

ரத்தக்கா அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். தோலின் முறுக்கை விரல் தானாக ஆராய்ந்தது.

“உள்ள வா,” என்றாள்.

நீதிமன்றத்தில் சைரன் ஒரு மணி நேரம் பேசினாள். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. தற்செயல் என்று வாதாடிய மச்சானின் வக்கீல், குடும்பத்தாரே அவனை நல்லவன் என்று சொல்வார்கள் என்றார். டைரக்டரின் மனைவி எழுந்து கூண்டில் ஏறினாள். கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னாள். மச்சானுக்கு ஒன்பது வருடம் கிடைத்தது. தீர்ப்பு வாசித்தபோது அவன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலையைக் குனியவில்லை.

டைரக்டர் படத்திலிருந்து விலகிக்கொண்டார். மீதி எட்டு நாளையும் சைரனே இயக்கி முடித்தாள். படம் சின்னத் தியேட்டர்களில் மூன்று வாரம் ஓடியது. ஜனங்கள் பயந்தார்கள், சிரித்தார்கள், வாட்ச்மேனின் தலை உருண்டபோது விசிலடித்தார்கள். முதல் நாள் ரத்தக்கா போய்ப் பார்க்கவில்லை. டைரக்டரின் மனைவி பெட்டியோடு கணவன் வீட்டைவிட்டு வந்திருந்தாள். அவளுக்குத் தன் வீட்டு மாடியில் ஒரு அறையை ஒழித்துக் கொடுக்கும் வேலை அன்றைக்கு இருந்தது. அலமாரியை எந்தச் சுவரோரம் போடுவது என்று இருவரும் வெகுநேரம் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.