அம்மாவின் பங்கு

பத்திரங்களை உறுதிப்படுத்தும் சட்ட அலுவலரான நொத்தாரிசு, கம்பனிப் பத்திரத்தை வாசித்து முடித்தபோது ஜெயமலர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஜெர்மனியின் பான் நகரில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் பல வருடங்கள் வேலை செய்தவள். இப்போது மகள் சுபானியோடு சேர்ந்து, பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் கம்பனி ஒன்றைப் பதிய வந்திருந்தாள். ஆளுக்குப் பாதிப் பங்கு. ரொட்டி சுட்டு விற்று, இப்போது மூடிக்கிடந்த வெதுப்பகம் ஒன்றின் சமையலறையையும் பார்த்து வைத்திருந்தார்கள். பத்திரம் இன்று கையெழுத்தானால்தான் அது கிடைக்கும். நாளைக்கு வேறு ஆள் வருகிறார் என்று கட்டடத்தின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

“எல்லாம் விளங்கியதா?” என்று நொத்தாரிசு ஜெர்மனில் கேட்டார்.

“யா, யா. ஆலெஸ் கூட்.” ஓம், எல்லாம் சரி என்றாள் ஜெயமலர்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கம்பனி நட்டப்பட்டால் உங்களுக்கு என்ன நடக்கும்? உங்கள் சொற்களில் சொல்லுங்கள்.”

ஜெயமலர் மகளைத் திரும்பிப் பார்த்தாள். சுபானி தமிழில் தொடங்கியதும் அவர் கையை உயர்த்தினார்.

“மன்னியுங்கள். நீங்களும் பங்குதாரர், அவருடைய மகளும்கூட. நீங்கள் மொழிபெயர்க்கக் கூடாது.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். அவரோ பரிவோடு, உறவில்லாத மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும், சட்டம் உங்கள் அம்மாவின் பாதுகாப்புக்காகத்தான் என்றார். ஜெயமலரின் முகம் சிவந்துவிட்டது.

சுபானி வெளியே போய், நீதிமன்றங்களில் மொழிபெயர்க்கும் சிவராமுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அண்ணை, இண்டைக்கு ஒருக்கா வரேலுமோ?”

“ஏலாது தங்கச்சி. இந்தக் கிழமை முழுக்கக் கோட்டிலை டெர்மின், நேரமில்லை. அடுத்த மாசம் பாப்பம்.”

வேறு இருவரிடமும் கேட்டாள். அதே பதில். கட்டடத்தின் சொந்தக்காரரிடம் ஒரு வாரம் தவணை கேட்டாள். அவர் தர மறுத்தார்.

தாய் பின்னால் வந்து நின்றாள். “என்ரை பேரை எடுத்துப்போட்டு நீ தனியப் பதி பிள்ளை.”

“என்னம்மா கதைக்கிறியள்? நீங்கள் இல்லாமல் என்ன கம்பனி?”

“சமைக்கிற குசினி போனால் ஒண்டுமே இல்லை. போ, அந்த மனுசன் காத்துக்கொண்டிருக்கிறார்.”

“பிறகு உங்களைச் சேர்ப்பன், சரியோ?”

“ஓம், ஓம். பிறகு பாப்பம்.”

பத்திரத்தைத் திருத்திக்கொண்டு நொத்தாரிசு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஜெயமலர் இருந்த பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. சுபானிக்கு ஒரு வரியும் காதில் ஏறவில்லை. ஆனால் அவள் பேசிய ஜெர்மன் பிழையற்றது. அதனால் அவளிடம் எதையும் சோதித்துக் கேட்கவில்லை. அவள் கையெழுத்திட்டாள்.

சமையலறை கிடைத்தது. கோடை முடிந்து பள்ளிகள் திறந்தபோது கம்பனியின் பதிவும் வந்துவிட்டது. ஜெயமலர் விடியும் முன் வந்து அடுப்பு மூட்டினாள். பதிவில் அவள் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆள் மட்டுமே.

ஒரு காலை, சிவராமுக்கு ஓய்வான நாள் ஒன்று கிடைத்திருப்பதாகவும், பாதிப் பங்கை மாற்றி எழுதலாம் என்றும் சுபானி சொன்னாள்.

ஜெயமலர் கரட் நறுக்குவதை நிறுத்தவில்லை. “வேண்டாம் பிள்ளை. அந்தாளுக்கு முன்னாலை திரும்பவும் போய் இருக்க என்னாலை ஏலாது.”

“இந்த முறை சிவராம் அண்ணை இருப்பார் அம்மா.”

“நான் விளங்காமல் முழிக்கிறதை அவரும் பாக்கவோ?”

சுபானி கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு தாயின் பக்கத்தில் போய் நின்றாள்.