வெளியே போயிருக்கிறாள்

"வணக்கம்" என்று அடித்தான். மனைவி ஒருநாளும் வணக்கம் சொல்லித் தொடங்கியவள் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் அழித்தான். ஒன்பது வருடமாக அவளுடைய வலைப்பூப் பதிவுகள் எல்லாம் "கையைக் கழுவிட்டு வந்துட்டேன்" என்றுதான் தொடங்கின. மண் அளைந்த கையோடு கணினியைத் தொடக் கூடாது என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். அதை ஒருமுறை விளையாட்டாக எழுதினாள், படித்தவர்களுக்குப் பிடித்துவிட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டது. அவன் கை சுத்தமாகத்தான் இருந்தது. கழுவ ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சமையலறையில் மனைவியின் தங்கை தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஆச்சா?"

"ஆகுது."

"காலையிலேருந்து இதையேதான் சொல்றீங்க. நாலு வரி எழுத இவ்ளோ பிரசவ வேதனையா?"

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் பின்பக்கத் தோட்டத்தைச் சமப்படுத்திக் கார் நிறுத்தக் கொட்டகை போடப்போகிறார். தோட்டமே இல்லாமல் போனபின் 'கொல்லைப்பக்கம்' என்ற பெயரில் ஒரு வலைப்பூ எதற்கு, முறையாக விடைபெற்று மூடிவிடுங்கள் என்று மச்சினி மாதக்கணக்கில் சொல்லிவருகிறாள். "படிக்கறவங்க பாவம் மாமா. அக்கா வருவா வருவான்னு உக்காந்திருக்காங்க." அவள் சொல்வதில் தப்பே இல்லை. அவனால்தான் முடியவில்லை.

அவள் கடைசியாக எழுதியது சின்னப் பதிவு. நாலு நாள் ஒரு வேலையாகப் போகிறேன், தண்ணீர் ஊற்றும் பொறுப்பை நம் இன்ஜினியரிடம் விட்டிருக்கிறேன், செடிகளே, இனி உங்கள் பாடு. மருத்துவமனை என்று எழுதவில்லை. எதற்கு நாலு பேரைப் பயமுறுத்த வேண்டும் என்றாள். அந்த நாலு நாளுக்குள் என்னென்னவோ ஆகிவிட்டது. ஏழு மாதம் ஓடிவிட்டது. அவள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர்களுக்குத் தெரியும், அவன் அலுவலகத்தில் தெரியும், வங்கியிலும் காஸ் ஏஜென்ஸியிலும் சான்றிதழ் நகல் கொடுத்தாயிற்று. தெரியாதவர்கள் இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்கள் மட்டும்தான். எங்கோ ஒரு பால்கனியில் ஒருத்தி மண்ணைக் கிளறிக்கொண்டே, இதை அவங்ககிட்ட கேக்கணும் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பில் மனைவி இருக்கிறாள், சேறு படிந்த நகத்தோடு, உயிரோடு. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அவன் பின்னூட்டங்களைத் திறந்து பார்ப்பான். "எங்கே போனீங்க?" "ஆளையே காணோமே?" ஆறுதல் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் நாள் முழுதும் அவனுக்குக் கிடைப்பது அது ஒன்றுதான். ஒரு வாக்கியம் எழுதினால் போதும், அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் அவள் செத்துப்போவாள். அதை இவன் கையால் செய்ய வேண்டும்.

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து இருக்கும். கழுத்தோடு நிற்கும் கூந்தல், செம்பு நிறச் சாயம், தோளில் பயணப் பை அளவுக்குக் கைப்பை. வெயிலில் அலைந்து வந்த முகம்.

"கத்தரி வந்திருக்கேன்னு சொல்லுங்க. அவங்களுக்குத் தெரியும்."

அவனுக்கும் தெரியும். பியூட்டி பார்லர் நடத்துகிறவள், கத்தரி என்பது வலைப்பூவில் அவள் வைத்துக்கொண்ட பெயர். ஆரம்பத்திலிருந்து எல்லாப் பதிவுக்கும் முதல் ஆளாக வந்து வம்பிழுக்கிறவள். அவள் பின்னூட்டம் வந்தால் மனைவி சத்தமாகப் படித்துக்காட்டிச் சிரிப்பாள். முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்கத் தேவையில்லை; செடிக் குச்சிகள் அனுப்பிய பார்சலில் இருந்திருக்கும்.

"அவ..." என்றான். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். "வெளிய போயிருக்கா."

சமையலறையில் தாள் சுற்றும் சத்தம் நின்றது.

"நல்லதாப் போச்சு, வரட்டும். நான் இருந்து ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டுத்தான் போவேன்." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். "நீங்கதான் அந்த இன்ஜினியரா? நீங்க கட்டின அவரைப் பந்தல்தானே ஒரு காத்துக்கே குப்புற விழுந்துச்சு?"

"நான் இன்ஜினியர் இல்ல. பிளான் வரையறவன்."

"அதான் விழுந்துச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. முகத்தில் எந்தத் தசை அதற்கு வேண்டுமோ அது மறந்துபோயிருந்தது.

பெட்டிகளைப் பார்த்ததும் அவள் நின்றாள். "வீடு மாத்தறீங்களா? இதைக்கூட எழுதலியே. சரி, தோட்டம் எங்க? அதைப் பாத்துக்கிட்டே காத்திருக்கேன்." பின்கதவைத் திறந்து காட்டினான். எட்டிப் பார்த்தவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"இது துணி காயப்போடற இடம். தோட்டம் எங்க?"

"இதுதான்."

அகலம் ஒன்பதடி, நீளம் பதினாலு. அதற்குப் பின்னால் பக்கத்து லேத் பட்டறையின் கரி படிந்த சுவர். சுவரிலிருந்து ஒரு புகைக்குழாய். படத்தில் பார்த்தவர்களுக்கு அது முடிவே இல்லாத தோட்டம். செடிக்குப் பின்னால் வெளிச்சம்தான் இருக்கும், அதற்குப் பின்னால் இன்னும் செடிகள் இருப்பதுபோலத் தோன்றும். அந்த வெளிச்சம் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. ஒவ்வொரு படத்துக்கும் அவன்தான் அதை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நிற்பான். "தலை தெரியுது, குனி," என்பாள். "மூச்சு விடாத, துணி ஆடுது," என்பாள். அவள் தரையில் மல்லாந்து படுத்து, கேமராவை வானத்தைப் பார்க்கத் திருப்பி, ஒரு தக்காளிச் செடியை மரமாக்கிவிடுவாள். ஒன்பது வருடப் படங்களிலும் அவன் இருக்கிறான், துணிக்குப் பின்னால்.

இதையெல்லாம் அவன் அந்தப் பெண்ணிடம் சொன்னான். ஏன் சொல்ல ஆரம்பித்தான் என்று தெரியவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கள்ளி! நான் என் வீட்டுக்காரர்கிட்ட, அவங்க வீட்டைப் பாருங்க, நீங்களும் இருக்கீங்களே, ஒரு சென்ட் நிலம் வாங்கத் துப்பில்லன்னு எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? வரட்டும், காதைத் திருகறேன்."

"திருகுங்க. எனக்கும் சேத்து," என்றான். "சின்ன இடம்னு எழுதேன்னு நானும் சொல்லுவேன். கேக்க மாட்டா. அவ பிடிச்சா பிடிச்சதுதான்."

சொல்லுவேன். மாட்டா. வார்த்தைகள் தாமாக நிகழ்காலத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. ஏழு மாதமாக அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இருந்தாள், சொன்னாள், செய்தாள் என்றே பேசினார்கள். குரலைத் தாழ்த்தி, தோளில் கைவைத்து. இங்கே ஒருத்தி அவள் காதைத் திருக வந்திருக்கிறாள். அவள் காய்கறிக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருக்கலாம், ஆட்டோவில் வந்துகொண்டிருக்கலாம். அவன் நிறையப் பேசினான். கம்போஸ்ட் வாளியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்த கதையைச் சொன்னான். தனக்கே தன் குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது.

மச்சினி தேநீரோடு வந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. போட்டு உடைக்கப்போகிறாள் என்று காத்திருந்தான். உடைத்தால் நல்லது என்றும் இருந்தது.

"உங்க அக்கா எப்பம்மா வருவாங்க?" என்று வந்தவள் கேட்டாள். ஜாடையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

மச்சினி தட்டைக் கீழே வைத்தாள். புடவை நுனியைச் சரி செய்தாள். "அக்கா... கொஞ்சம் லேட்டாகும்," என்றாள். "அவ ஒரு இடத்துக்குப் போனா நேரம் போறதே தெரியாது." சொல்லிவிட்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் கழுவப்படும் சத்தம் இல்லை, தண்ணீர் மட்டும் ஓடியது.

வந்தவள் தேநீரைக் குடித்துக்கொண்டே கோபத்துக்குத் திரும்பினாள். "எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். நாலு மாசத்துக்கு முன்னால எங்கம்மா போயிட்டாங்க. முதல்ல யாருக்கு எழுதினேன்? இவங்களுக்கு. எங்கம்மா வெச்ச முல்லைக்கு இவங்கதான் உரம் சொன்னாங்க. ஒரு வார்த்தை வரல. ரெண்டாவது தடவையும் எழுதினேன். வரல. மூணாவது தடவை திட்டி எழுதினேன். பெரிய மனுஷி ஆயிட்டீங்க, எங்க சாவெல்லாம் உங்களுக்குத் தெரியாதுன்னு." குரல் உடைந்தது, இருமி அதைச் சரிக்கட்டினாள். "அந்தப் பக்கத்தையே பாக்கக் கூடாதுன்னு இருந்தேன். மனசு கேக்கல. அதான் நேர்ல கேட்டுடலாம்னு வந்தேன்."

மூன்றையும் அவன் படித்திருந்தான். மூன்றாவதைப் படித்த காலையில், இவளுக்காவது அவள்மேல் கோபப்பட முடிகிறதே என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறிவிட்டான்.

அவள் எழுந்து தொட்டிகளிடையே நடந்தாள். எல்லாம் பச்சையாகத்தான் இருந்தன. மனைவி தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தாள், ஊற்றினான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, அவன் செய்யவுமில்லை. கொடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வந்தவள் ரோஜாவின் முன் நின்றாள். ஒரு கிளையை விரலிடுக்கில் பிடித்து, நுனிவரை மெல்ல உருவிப் பார்த்தாள், வாடிக்கையாளரின் முடியைப் பார்ப்பதுபோல. கிளைக்குக் கிளை வாடிய பூக்கள் அப்படியே காயாகியிருந்தன. சில ஆரஞ்சு, சில கறுத்துச் சுருங்கியவை.

"காஞ்ச பூவை ஒருநாள்கூடச் செடியில விடாதீங்க, விட்டா தன் வேலை முடிஞ்சதுன்னு செடி நினைச்சுக்கும்னு எழுதினவங்க," என்றாள். அவனிடம் சொல்லவில்லை.

பிறகு திரும்பி அவன் தலையைப் பார்த்தாள். காதை மூடி, சட்டைக் காலரில் புரளும் முடி. மறுபடி ரோஜாவைப் பார்த்தாள். முடி வெட்டி எத்தனை மாதம் ஆயிற்று என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவது அவள் தொழில்.

பட்டறையில் ஏதோ இயந்திரம் ஓடி நின்றது.

"எப்ப?" என்றாள்.

"ஏழு மாசமாச்சு."

அவள் தலைகீழாகக் கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் மன்னிப்புக் கேட்கப் பார்த்தான்.

"எங்கம்மா சாவறதுக்கும் முன்னாலயா?"

"ஆமா."

"அப்போ நான் செத்தவங்களைத் திட்டியிருக்கேன்." கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். "வெளிய போயிருக்கான்னு இப்ப சொன்னது பெரிசில்ல, தம்பி. வாசல்ல வெச்சு யாருக்கு வாய் வரும்? ஆனா ஏழு மாசம்... நான் அவங்களைத் திமிர் பிடிச்சவன்னு நினைச்சுட்டு இருந்தேன். என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் நினைச்சாங்களோ. நீங்க என்னை அழவிட்டிருக்கலாம். கோவப்பட வெச்சுட்டீங்களே."

அவன் மனைவியைக் காப்பாற்றிவைத்திருப்பதாக நினைத்திருந்தான். அத்தனை வீட்டிலும் அவள் உயிரோடுதான் இருந்தாள். கேட்டால் பதில் சொல்லாதவளாக, துக்கம் விசாரிக்காதவளாக. அவளுக்கு வந்த எதையும் அவள் அப்படி விட்டதில்லை. காய்ச்சலில் படுத்துக்கொண்டே யாருடைய எலுமிச்சைக்கோ மருந்து சொன்னவள்.

வந்தவள் பையைத் திறந்து கத்தரியைத் தொட்டாள். "இந்த ரோஜாவை வெட்டிவிடட்டுமா?"

"வேணாம்," என்றான்.

அவள் வற்புறுத்தவில்லை. குழாயில் முகம் கழுவினாள். போகும்போது சமையலறை வாசலில் நின்று மச்சினியின் தலையைத் தடவிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் அவன் எழுதினான். வணக்கம் போடவில்லை. கையைக் கழுவியதாகவும் எழுதவில்லை. 'நாலு நாளில் வருவதாகச் சொல்லிப் போனவள் மருத்துவமனையில் இறந்துவிட்டாள். ஏழு மாதம் ஆகிறது. நான் சொல்லவில்லை. உங்களுக்குப் பதில் எழுதாதது அவள் இல்லை. தோட்டம் சின்னது, ஒன்பதடிக்குப் பதினாலு. இத்துடன் முடிகிறது.'

மச்சினி அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "அவ்ளோதானா?"

"வேற என்ன எழுத?"

அவள் யோசித்தாள். "ஒண்ணுமில்ல," என்றாள்.

அழுத்தினான். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றி நின்றது. கணினியை மூடினான். இனி மூட வேறொன்றும் இல்லை என்பதால் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டப்பட்டிருந்தன. நடுவில் ஒரு பெட்டி. செய்தித்தாள் தீர்ந்துபோனதால் கண்ணாடித் தம்ளர்களைச் சுற்றாமலே அதில் அடுக்கியிருந்தாள். அவன் போனை அதன்மேல் கவிழ்த்து வைத்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு போன் ஒருமுறை அதிர்ந்தது. உள்ளே ஒரு தம்ளர் இன்னொன்றைத் தொட்டது. மறுபடி அதிர்ந்தது. பிறகு இடைவெளியே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வரத் தொடங்க, பெட்டிக்குள்ளிருந்த அத்தனை கண்ணாடியும் மெல்லிசாகக் கிணுகிணுத்தது. ஒவ்வோர் அதிர்வுக்கும் போன் ஒரு நூலளவு நகர்ந்து, பெட்டியின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கை நீட்டவில்லை.