நடுப்பாலத்தில் ஒரு நட்டு

அந்தப் பெண்ணுக்கு உயரம் என்றால் பயம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனால் அவளுடைய பயத்துக்கு மரியாதைக் குறைவு. பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறச் சொன்னால் வீடு ஒரு மாதம் இருட்டில் கிடக்கும். மாடிப்படியில் அவள் பிடிக்கிற பிடியில் கைப்பிடியின் வார்னிஷ் உரிந்துவிட்டது என்று அவள் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். லிப்டில் நாலாவது மாடியைத் தாண்டினால் கண்ணை இறுக்கிக்கொள்வாள்; ஒருமுறை அப்படியே மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே போயிருக்கிறாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் பாலங்களைப் பரிசோதிக்கும் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது.

படிப்பில் குறை சொல்ல முடியாது. கட்டுமானப் பொறியியலில் வகுப்பிலேயே முதல் ஆள். மேசை, கதவு, பக்கத்து வீட்டு நாய் என்று எதைக் கண்டாலும் கையால் அளந்து பார்ப்பாள். கல்லூரியில் அவளுக்கு 'முழம்' என்றே பெயர். நேர்முகத் தேர்வில், "உயரத்துல நின்னு வேலை பார்க்கணும், பயமில்லையே?" என்று கேட்டார்கள். "இல்ல சார்" என்று வாய் சொல்லிவிட்டது, உடம்பை ஒரு வார்த்தை கேட்காமல். வேலை உத்தரவு வந்தபோதுதான் உடம்புக்கே விஷயம் தெரிந்தது. முதல் வாரப் பணி: ஆற்றுப் பாலத்தின் அடிவயிற்றை ஒட்டித் தொங்குகிற கூண்டுக்குள் நின்றபடி ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துக் குறிப்பெடுப்பது. வருகிற திங்கட்கிழமை முதல்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் ஏறவில்லை.

அந்த நேரத்தில்தான் 'ஸ்பீக்கர்' போன் செய்தாள். கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்த உயிர்த்தோழி, அவள் போனில் பேசினால் போன் இல்லாமலும் கேட்கும்.

"ஏய் முழம், வேலைல சேர்ந்துட்டா அப்புறம் லீவு கேட்டு மேனேஜர் முன்னாடி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கணும். இப்பவே எங்கயாச்சும் போயிடுவோம். மலை, காடு, ஒரு தொங்குபாலம். தூங்குமூஞ்சியும் வர்றான்."

"தொங்கு... என்னது?"

"பாலம்டி! நூத்தி இருபது மீட்டர். கீழ பள்ளத்தாக்கு. உனக்குப் பாலம்னா உயிராச்சே!"

முழம் மறுத்துவிடத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் கணத்தில் அவளுக்குள் ஒரு தீர்மானம் விழுந்தது. அந்தப் பாலத்தைக் கடந்துவிட்டால் வேலையில் சேருவது. முடியாவிட்டால் திரும்பி வந்து, 'எனக்கு இந்த வேலை வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிடுவது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் அதைவிட மோசமாக, தைரியம் சொல்வார்கள்.

ஆபீசுக்கென்று வாங்கிய புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா, விஷயத்தைக் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"திங்கக்கிழமை வேலைக்குச் சேரணும். இப்ப போயி கையைக் காலை உடைச்சுக்கிட்டு வந்தேன்னா, ஆபீசுக்கு உன்னை யாரு தூக்கிட்டுப் போறது? நானா?"

"போகட்டும் விடும்மா," என்றார் அப்பா. "வாழ்க்கைல ஒரு தடவையாவது படிக்கட்டு இல்லாத இடத்துக்குப் போயிட்டு வரட்டும். நம்ம வார்னிஷாவது மிஞ்சும்."

மூன்றாம் நாள் காலை, மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் ஏறி, அவர்கள் பாலத்தின் முன்னால் நின்றார்கள்.

பாலமா அது? இரண்டு தடித்த இரும்பு வடங்கள். அவற்றிலிருந்து இறங்கும் மெல்லிய கம்பிகள். கம்பிகளின் நுனியில், இருக்கட்டுமே என்று மாட்டிவிட்ட மாதிரி மரப்பலகைகள். பலகைகளுக்கு நடுவே இடைவெளி. இடைவெளிக்குள் பள்ளத்தாக்கு. அதன் அடியில் ஒரு ஆறு, யாரோ தைத்துவிட்டு அறுத்துப் போட்ட வெள்ளை நூல் போலக் கிடந்தது. முழம் அதை ஒருமுறைதான் பார்த்தாள்.

வழிகாட்டி ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும், ஒல்லி, கழுத்தில் விசில். பதினொரு வருடமாக அந்தப் பாலத்தில் ஒரு நாளைக்கு எட்டு நடை. மூன்று பேர் தலையிலும் ஆளுக்கொரு ஹெல்மெட்டைக் கவிழ்த்தார்.

"அக்கா, கீழ விழுந்தா இது காப்பாத்துமா?" என்று கேட்டான் தூங்குமூஞ்சி. வகுப்பில் கடைசி பெஞ்சில் நாலு வருடம் தூங்கியே பட்டம் வாங்கியவன்.

"தலையைக் காப்பாத்தும். மத்ததுக்கு நான் பொறுப்பில்ல," என்று சொல்லிவிட்டு, காய்கறி வாங்கப் போகிறவர் போல அவர் பாலத்தில் இறங்கி நடந்தார்.

முழம் முதல் பலகையில் கால் வைத்தாள். பாலம் லேசாக அசைந்தது. அந்த அசைவு உள்ளங்காலில் நுழைந்து, முதுகுத்தண்டில் ஏறி, பல்லில் வந்து நின்றது. வடத்தைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன. வேர்வை உள்ளங்கையில் ஊற்றெடுத்து முழங்கை வரை ஓடியது. பத்துப் பலகை. பதினைந்து. அதோடு நின்றுவிட்டாள்.

"என்னடி?" என்றாள் பின்னால் வந்த ஸ்பீக்கர்.

"காலு வரலை."

"வரும். நான் எண்ணுறேன், நீ நடந்தா போதும். டேய் தூங்குமூஞ்சி, நீயும் சேர்ந்து நட, அவளுக்குத் தெம்பா இருக்கும். ஒண்ணு... ரெண்டு... ஒண்ணு... ரெண்டு..."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் இடது காலை வைத்தார்கள். ஒரே நேரத்தில் வலது காலை வைத்தார்கள். உண்மையில் அது உதவியது. எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு முழம் நடந்தாள். இருபது, முப்பது, ஐம்பது பலகை.

தொங்குபாலத்தில் ஆட்கள் கால் சேர்த்து நடக்கக் கூடாது, நடந்தால் ஒவ்வொரு எட்டும் ஊஞ்சலை உந்துவது போல ஆட்டத்தை ஏற்றிவிடும் என்பது கட்டுமானப் பொறியியலில் மூன்றாம் வருடப் பாடம். மூவருமே அதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதியவர்கள். முழம் நூற்றுக்கு நூறு. மூன்று பொறியாளர்களும் இப்போது அதே தப்பை, கணக்காக, தாளம் தப்பாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

நடுப்பாலத்தில் பலகை கீழே போயிற்று. மேலே வந்தது. இன்னும் கீழே போயிற்று. வானம் அவள் காலடிக்கு வந்துவிட்டுத் திரும்பியது. ஸ்பீக்கர் போட்ட அலறலில் பள்ளத்தாக்கின் பறவைகள் வேறு மலைக்குக் குடிபெயர்ந்தன.

"கால் சேர்க்காதீங்க!" என்று முழம் கத்தினாள். பயத்தையும் மீறி எங்கிருந்தோ மூன்றாம் வருடப் பாடம் வந்து விழுந்திருந்தது. "அப்படியே நில்லுங்க! நின்னா அடங்கிடும்!"

அவர்கள் நின்றார்கள். அவள் நிற்கவில்லை, குப்புற விழுந்து, வலது பக்கக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கன்னத்தை இரும்பில் அழுத்தினாள். கண்ணை மூடினால் ஆட்டம் இரண்டு மடங்கானது. அதனால் திறந்தே வைத்திருந்தாள். மூக்குக்கு நேரே கம்பியின் அடிமுனை, பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தோடு சேருகிற இடம். அங்கே ஒரு இரும்புப் பிடிப்பு. அதில் இரண்டு நட்டு இருக்க வேண்டும். ஒன்று இல்லை. இன்னொன்று கழன்று, கடைசித் திருகுப்புரியில் ஒட்டிக்கொண்டு நின்றது. பிடிப்புக்கு மேலே, துரு ஏறிய கம்பியில் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் பளபளவென்று புதுத் தேய்மானம்.

பிடிப்பு வழுக்கிக்கொண்டிருந்தது. இன்றோ நேற்றோதான் வழுக்கத் தொடங்கியிருந்தது.

அங்கிருந்து அக்கரை வரை அவள் நாலு காலில்தான் போனாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. அக்கரை மண்ணைத் தொட்டதும் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டாள். பாறை வேண்டாமென்று சொல்லவில்லை.

"கடந்துட்டடி!" என்று ஸ்பீக்கர் குதித்தாள். "தவழ்ந்தாலும் கடந்தது கடந்ததுதான்!"

ஆம், கடந்துவிட்டாள். தீர்மானப்படி வேலை அவளுடையது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் அவர்கள் புறப்பட்டு வந்த எதிர்க்கரையில் அடுத்த கூட்டம் வந்து நின்றிருந்தது. ஏதோ ஒரு கல்லூரிப் பிள்ளைகள், பதினெட்டுப் பேர், எல்லார் தலையிலும் ஹெல்மெட். சிரிப்புச் சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டி வந்தது.

"அக்கா," என்றாள் முழம். "அவங்களை அனுப்பாதீங்க. பாலத்துல ஒரு பிடிப்பு கழண்டிருக்கு."

முன்பே அக்கரை சேர்ந்திருந்த வழிகாட்டி சிரிக்கவில்லை, சலித்துக்கொண்டார். "பயந்தவங்க எல்லாரும் என்னத்தையாவது சொல்லுவாங்கம்மா. போன வாரம் ஒருத்தர் பாலம் அழுவுதுன்னாரு."

"நெஜமாக்கா. ஒரு நட்டு இல்ல. இன்னொண்ணு விழப்போவுது."

"எத்தனாவது பிடிப்பு?"

வழியில் கிடக்கிற கல்லைக்கூட அளக்கிறவள், பிடிப்பை எண்ணவில்லை. "நாங்க வந்தப்ப வலது பக்கம். நடுவுல எங்கயோ."

"ஒரு பக்கத்துக்கு நூறு பிடிப்பு இருக்கு. நடுவுல எங்கயோன்னா?" வழிகாட்டி எதிர்க்கரையைப் பார்த்தார். அங்கே அவருடைய கூட்டாளி கையை உயர்த்தி, அனுப்பட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தா பாரு. நான் விசில் அடிச்சு அஞ்சு நிமிஷம் நிறுத்துறேன். நீ வந்து காட்டு. காட்ட முடியலைன்னா அனுப்பிடுவேன்."

"நானா?"

"நான் பார்த்தா எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியும். பதினொரு வருஷமா அப்படித்தான் தெரியுது."

விசில் ஒலித்தது. ஸ்பீக்கர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தமில்லாமல் பேசினாள். "போகாதடி. நீ சொல்லிட்ட, அது போதும். அவங்க பாடு."

"போன் நம்பர் ஏதாச்சும் இருக்கும், கம்ப்ளெயிண்ட் பண்ணிடலாம்," என்றான் தூங்குமூஞ்சி. அவனும் முழுசாக விழித்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்திருந்தான்.

முழம் பாலத்தைப் பார்த்தாள். முதல் தடவை அவள் பயந்தது தெரியாத ஒன்றுக்கு. இப்போது எந்த இடம், எந்தப் புரி, எவ்வளவு வழுக்கியிருக்கிறது என்பது வரை தெரியும். தெரிந்த பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. எதிர்க்கரையில் ஒரு பிள்ளை பொறுமை இல்லாமல் முதல் பலகையில் ஒரு காலை வைத்து ஆட்டிப் பார்த்தது.

அதைப் பார்த்ததும் அவள் மண்டியிட்டாள். எழுந்து நடக்கிற யோசனையே வைத்துக்கொள்ளவில்லை. நாலு காலில் பாலத்துக்குள் நுழைந்தாள். இந்த முறை, இப்போது இடது கைப்பக்கமாகிவிட்ட ஒவ்வொரு பிடிப்பையும் தொட்டு, வாய்விட்டு எண்ணினாள். வழிகாட்டி பின்னால் நிமிர்ந்தபடியே நடந்துவந்தார்.

"முப்பத்தெட்டு. இறுக்கம். முப்பத்தொம்போது. இறுக்கம். நாப்பது. அக்கா, ஆட்டாதீங்க. நாப்பத்தொண்ணு."

நாற்பத்தேழில் அவள் நிறுத்தினாள். விரலால் காட்டினாள். வழிகாட்டி குனிந்தார். இரண்டு விரலால் நட்டைத் தொட்டார். தொட்டதுதான் தாமதம், அது கழன்று பலகையில் ஒரு தட்டுத் தட்டி, இடைவெளி வழியாகக் கீழே போயிற்று. இருவரும் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்கள். அது விழுந்த சத்தம் வரவேயில்லை.

வழிகாட்டியின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கோ போய்விட்டது. பதினொரு வருடம் நிமிர்ந்து நடந்தவர், மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு கையையும் பலகையில் ஊன்றினார். பிறகு விசிலை வாயில் வைத்து, மூச்சு தீரும் வரை ஊதினார். எதிர்க்கரையில் கூட்டம் பின்வாங்கியது. அவருடைய கூட்டாளி சங்கிலியை இழுத்துப் பாலத்தின் வாயில் குறுக்கே மாட்டினார்.

"நீ யாரும்மா?" என்று கேட்டார் வழிகாட்டி. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பாலம் பாக்குறதுதான்கா என் வேலை," என்றாள் முழம். ஒரு கணம் யோசித்துவிட்டு, "வர்ற திங்கக்கிழமையிலருந்து," என்று சேர்த்துக்கொண்டாள்.

"அப்ப எழுந்திரு. போலாம்."

"முடியலைக்கா. காலு இன்னும் வரலை."

"எனக்கும்தான்," என்றார் வழிகாட்டி.

அக்கரையில் ஸ்பீக்கர், "என்ன ஆச்சு? ஏன் ரெண்டு பேரும் உக்காந்துட்டீங்க?" என்று மலை அதிரக் கேட்டாள். அக்கா ஒதுங்கி வழிவிட, அக்கரைப் பக்கம் திரும்பி நாற்பத்தாறாவது பிடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முழம் முன்னாலும் அக்கா பின்னாலுமாக, கால் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டு தவழ ஆரம்பித்தார்கள்.